அசம்ப்ஷன் என்றால் என்ன?

காசிலிங்கம் ஒரு முடிவைச் சொல்லிவிட்டால் அதற்கு மறுபேச்சு கிடையாது என்பது, அந்த வீட்டில் எவரும் வாய்விட்டுச் சொல்லாத சட்டம்.

துறைமுகச் சாலையிலுள்ள தம் டயர்க் கடையிலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு அவர் வந்ததை யாரும் கவனிக்கவில்லை. மகள் ரம்யா சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வுப் புத்தகத்தை விரித்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தாள்.

"அசம்ப்ஷன்னா என்னம்மா?"

"சொல்லாமலே உண்மைன்னு எடுத்துக்கிடுதது," என்றாள் சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்த சீனித்தாய்.

"கன்குளூஷன்?"

"அதை வச்சு உங்கப்பா முடிவுன்னு போடுத சத்தம்."

காசிலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகள் வக்கீல் படிப்புக்குத் துணிந்ததே பெரிது; ஆத்தாக்காரி பாடம் வேறு சொல்லிக்கொடுக்கிறாளா!

"ஏளா, நாளைக்குப் பரீட்சைக்கு ஒருத்தியும் போவண்டாம்! வக்கீலுக்குப் படிச்ச பொம்பளைக்கு எவன் மாப்பிள்ளையா வருவான்?"

மேசைமேல் கிடந்த ஹால்டிக்கெட்டைக் கிழிக்க எடுத்தவர், அப்படியே நின்றுவிட்டார். அதிலிருந்த படத்தில் சீனித்தாய் அவரை முறைத்துக்கொண்டிருந்தாள்.

நேரில் இருந்தவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"இங்கன குடுங்க. நீங்க சொல்லுதது தப்பு. பரீட்சை எனக்கு; மாப்பிள்ளை இருபது வருசத்துக்கு முந்தியே வந்தாச்சு!"