குளத்தில் மூன்று பேர்

சாருலதாவின் வீட்டு நீச்சல்குளத்துக்குப் புது பம்பும் பில்டரும் பார்த்துச் சொல்ல வந்திருந்த எட்வின், சுவரிலிருந்த திரையைப் பார்த்தான். தண்ணீரில் யார் யாருடைய உடல் துகள்கள் மிச்சமிருக்கின்றன என்று அது பெயரோடும் கடைசியாக இறங்கிய நாளோடும் காட்டும்.

"மூணு பேர் காட்டுதுங்க மேடம். இதழினிங்கறவங்க எட்டு மாசமா தண்ணில இறங்கவே இல்ல, ஆனா பேரு இன்னும் போகல. பில்டர் சரியா இழுக்கலீங்க. பெரிய பம்பா போட்டுட்டா ஒரே நாள்ல போயிரும்."

"அது எங்க பொண்ணு," என்றாள் சாருலதா. "தவறிட்டா."

எட்வின் கையிலிருந்த விலைப்பட்டியலை மடித்தான்.

"இருக்கறதுலயே மெதுவா சுத்தம் பண்றது எதுங்க?" என்று அவளே கேட்டாள்.

"இந்தப் பழசுதானுங்க," என்றவன், குனிந்து அதன் வேகத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து வைத்தான்.