டப்பா காலி

"உன் சாப்பாட்டை உன் வீட்டுக்காரர் ஒரு நாளாவது வாயில வச்சுப் பார்த்திருக்காராடி?"

பக்கத்து பால்கனியிலிருந்து புஸைனா கேட்டபோது, இன்ஷிரா கயிற்றில் கட்டிய கூடையைத் தெருவுக்கு இறக்கிக்கொண்டிருந்தாள். கீழே காய்கறி வண்டிக்காரன் திராட்சை இலைக் கட்டுடன் அண்ணாந்து நின்றான்.

"என்னடி உளர்றே? டப்பா தினமும் காலியாத்தானே வருது."

"காலியா வந்தா ஆச்சா? எங்க வீட்டுக்காரரும் அவரும் ஒரே ஆபீஸ். மத்தியானம் ஆனா ரெண்டு பேரும் துறைமுக வாசல்ல இருக்கிற ஈரல் கடையிலதான் நிக்கிறாங்களாம். நேத்து வாய் தவறிச் சொல்லிட்டார். உன் ஆளு பச்சை மிளகாயைக் கடிச்சுக்கிட்டு ரொட்டி ரொட்டியா உள்ளே தள்றாராம்."

கூடை பாதி வழியில் அப்படியே தொங்கியது. "இறக்குங்கம்மா, கை வலிக்குது!" என்று வண்டிக்காரன் கத்தினான்.

"புருஷனுக்குச் சோறு கட்டிக் கொடுக்கத் துப்பில்லாதவதான் கடைக்கு அனுப்புவான்னு என்னை எத்தனை தடவை குத்திக் காட்டியிருப்பே!" புஸைனாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பச்சை மிளகாயா! இன்ஷிராவுக்கு அதுதான் சுருக்கென்று தைத்தது. நெஞ்சு எரிகிறது, மிளகைக்கூடக் கண்ணில் காட்டாதே என்று சொல்லி, கொஞ்ச நாளாக அவளைக் காரமே இல்லாமல் சமைக்க வைத்தவன் அவன்தானே?

வெளியே சாப்பிட ஆசையென்றால் சாப்பிட்டுத் தொலையட்டும். அலெக்சாண்டிரியாவில் ஆபீஸ் போகிறவர்களில் பாதிப் பேர் கடையில்தான் சாப்பிடுகிறார்கள், யாரும் செத்துப் போய்விடவில்லை. ஆனால் அவளை விடியற்காலையில் எழுப்பி, திராட்சை இலையை வேகவைத்து, அரிசியையும் கொத்துமல்லியையும் உள்ளே வைத்து, சுண்டுவிரல் மொத்தத்தில் ஒவ்வொன்றாகச் சுருட்ட வைத்தது எதற்கு? குழந்தை குட்டி இல்லாத வீடு. அவள் ஆசையெல்லாம் அந்த டப்பாவுக்குள்தான் போய்க்கொண்டிருந்தது.

சாயங்காலம் ரிஃபாத் வந்ததும் வராததுமாக டப்பாவைக் காதருகே ஆட்டிக் காட்டினான். "டப்பா காலி, மகாராணி!"

கழுவித் துடைத்த டப்பாவை அவள் வாங்கி வைத்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"அந்தக் கை நல்லா இருக்கணும்! ஒண்ணு விடாம சாப்பிட்டேன். ஆபீஸ்ல ஒவ்வொருத்தனும் பொறாமையில பார்க்கறான். நாளைக்கும் அதையே கட்டு."

"கொஞ்சம் மிளகு போடட்டுமா?"

"ஐயோ, வேண்டவே வேண்டாம். நெஞ்செரிச்சல் இன்னும் நிக்கலை."

அவன் வாயிலிருந்து பூண்டும் ஈரலும் மணத்தன. பொய் சொல்லும்போது முகம் கொஞ்சமாவது மாறும் என்று பார்த்தாள். மாறவில்லை. எத்தனை நாளாக இப்படிச் சொல்லிக்கொண்டிருக்கிறான் பாவி!

சாப்பாட்டைக் குப்பையில் கொட்டுகிறானா, துறைமுகத்துப் பூனைகளுக்குப் போடுகிறானா? கேட்டால் அதற்கும் ஒரு பொய் தயாராக வைத்திருப்பான். கேட்கக் கூடாது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் காலையில் தோல்கூட உரிக்காத பச்சை உருளைக்கிழங்குகளை டப்பாவில் அடுக்கி, அழுத்தி மூடி, வழக்கம்போலத் துணியில் முடிந்து கொடுத்தாள். கனம் சரியாக இருந்தது. "என் கண்ணுல்ல!" என்று கொஞ்சிவிட்டு அவன் படியிறங்கிப் போனான்.

"சாயங்காலம் வந்து ஒண்ணு விடாம சாப்பிட்டேன்னு சொல்லட்டும், அப்ப இருக்கு கச்சேரி" என்று பால்கனியில் நின்று பல்லைக் கடித்தாள்.

"நானும் வந்துடறேண்டி. ஒரு வார்த்தை விடாம கேட்டாகணும்" என்றாள் புஸைனா.

உள்ளே வந்ததும் இன்ஷிராவின் வீராப்பெல்லாம் போய்விட்டது. அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். என் சாப்பாடு பிடிக்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கடையில் சாப்பிடு என்று அவளே அனுப்பியிருப்பாள். இப்படி முட்டாளாக்கிவிட்டானே என்பதுதான் அவளால் தாங்க முடியவில்லை.

மத்தியானத் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. புஸைனாவுக்குச் சாயங்காலம் வரை பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள்.

புஸைனா இல்லை. யாரோ ஒரு சின்னப் பெண், பிள்ளைத்தாய்ச்சி. படியேறி வந்ததில் அவளுக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. ஒரு கை இடுப்பில் இருந்தது, இன்னொரு கையில் இன்ஷிராவின் டப்பா.

"இன்ஷிரா அக்காதானே நீங்க?" அந்தப் பெண்ணின் உதடு துடித்தது. "இத்தனை நாள் பாசமா சமைச்சு அனுப்பினீங்க. இன்னைக்கு மட்டும் ஏன்க்கா இப்படிப் பண்ணினீங்க?"

"யாருக்கு அனுப்பினேன்? நீ யாரும்மா?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"நம்ம வீட்டுக்காரர் மேல கோபம்னா, அதை என் சாப்பாட்டுலயா காட்டறது, அக்கா?"