பேர் கேட்ட கொடி

முதலாவதாக, இனக்கலப்பில் பிறந்த அந்த வெள்ளைத் திராட்சைக் கொடியைத் தாய்வழி வெள்ளைக் கொடிகள் சேர்க்கவில்லை; தோல் தடிப்பாம். இரண்டாவதாக, தந்தைவழிக் கருப்புக் கொடிகள் நிறத்தைச் சொல்லித் துரத்தின. மூன்றாவதாக, மனிதர்கள் அதை வெட்டி ஒரு காட்டுக் கொடியின் வேரில் ஒட்டினார்கள். நான்காவதாக, பந்தலில் ஏற்றி, தகரத்தில் ஓர் எண்ணை எழுதிக் கழுத்தில் கட்டினார்கள். பேர் மட்டும் வைக்கவில்லை.

"பேர் வைக்கிறவரை தண்ணீர் குடிக்க மாட்டேன்" என்றது கொடி.

கீழிருந்த காட்டு வேர் சலித்துக்கொண்டது. "உறிஞ்சுகிறவன் நான். உண்ணாவிரதம் உன் பேரிலா?"

"தலைமை மேலேதானே இருக்கும், அண்ணே."

"இருக்கும், இருக்கும். பட்டினி எப்போதும் கீழேதான்."

ஆனாலும் வேர் உறிஞ்சுவதை நிறுத்தியது. இலைகள் வாடின, பழங்கள் சுருங்கின. பக்கத்துக் கருப்புக் கொடி கேட்டது: "செத்துப்போனால் எந்த எண்ணைச் சொல்லி அழுவது, தங்கச்சி?"

அறுவடைக்கு வந்த முதலாளி ஒரு பழத்தைக் கடித்தார். தண்ணீர் குறைந்ததால் இனிப்பு ஏறியிருந்தது. ஒயினுக்கு வேறென்ன வேண்டும்?

"அடடா! காயப்போட்டாலும் முணுமுணுக்காத ஜாதி. இனி வருஷா வருஷம் பாதித் தண்ணீர் விட்டால் போதும். இதற்கு ஒரு பேர் வையுங்கள்!" என்றார்.

மறுநாள் பலகை வந்தது. வேலையாட்களையும் எல்லாக் கொடிகளையும் சாட்சியாக வைத்து மேஸ்திரி உரக்க வாசித்தார்:

"பொறுமைவல்லி."