வேண்டிக்கொண்ட முடி

"ஆடி பொறக்கறதுக்குள்ள வீட்டைக் காலி பண்ணிடு வாத்தியாரே" என்று தெருவே கேட்கும்படி கத்தினார் வேதாசலம்.

திருத்தணி மலையடிவாரத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். மனைவி கோமளவல்லி அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்குகிறாளே என்று தொழுவத்தை ஒட்டி கோபர் கேஸ் கட்டினார். அந்த கேஸில் பாதியைப் பின்கட்டில் குடியிருந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் நாகேந்திரன் குழாய் போட்டு இழுத்துக்கொண்டிருந்தான்.

கேஸில் இருக்கும் மீத்தேனை ஒரு குழாய்க்குள் பழுக்கக் காய்ச்சிய இரும்புத் தூள்மேல் விட்டால், கரி முடி முடியாக முளைக்குமாம். முளைத்தால் டாக்டர் பட்டம். இதுவரை வந்ததெல்லாம் வெறும் கரித்தூள்தான். வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து புரொபசர் வருகிறார். அதற்குள் முளைக்காவிட்டால் ஆராய்ச்சியை ஏறக்கட்ட வேண்டியதுதான்.

"பாத்திரத்துல கரி புடிக்கக் கூடாதுன்னு நான் கேஸ் போட்டா, நீ அதுலருந்தே கரி எடுத்துகினு இருக்கியே!"

நாகேந்திரன் பாட்டுக்குக் குழாயைத் திருகிக்கொண்டிருந்தான். அவனுக்கு வேதாசலம் என்றாலே இளக்காரம். தலைவலிக்கும் வேண்டுதல், மாடு கன்று போடவும் வேண்டுதல் என்று மலையேறுகிற மனுஷர். சாமிக்கு முடி எதற்கு, தலையணை தைக்கவா என்று ஒருமுறை முகத்துக்கு நேரே கேட்டும்விட்டான். வேதாசலம் பால்குடம் எடுப்பார், காவடி எடுப்பார், ஆனால் தலைமுடியில் மட்டும் கை வைக்க விடமாட்டார். ஐம்பது வயதிலும் கருகருவென்று சுருட்டை. சட்டைப்பையில் எப்போதும் சீப்பு இருக்கும்.

வியாழக்கிழமை குழாயைத் திறந்தால், உள்ளே மெல்லிசாகக் கருப்பு இழைகள். லென்ஸில் பார்த்துவிட்டு நாகேந்திரன் அழுதேவிட்டான். மறுநாள் புரொபசர் அவனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

சனிக்கிழமை வேதாசலம் மலையிலிருந்து இறங்கி வந்தார். மொட்டைத் தலையில் சந்தனம்.

நாகேந்திரனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "என்னண்ணே, எந்த மாடு கன்னு போட்டுது?"

உடம்புச் சூட்டுக்கு மொட்டை அடித்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டு வேதாசலம் உள்ளே நழுவப் பார்த்தார். கோமளவல்லி விடவில்லை.

"உங்க குழாயில முடி முளைக்கணும்னு வேண்டிகினாரு தம்பி."

நாகேந்திரனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "எனக்காக உங்க முடியைக் குடுக்கறதாவா வேண்டிக்கிட்டீங்க?"

"என் முடியை எவன் வேண்டிகினான்? உன் முடியைத்தான் வேண்டிகினேன். உனக்குதான் நம்பிக்கை இல்லியே, கூப்பிட்டா வருவியா? அதான் நானே போய் உக்காந்துட்டேன்" என்ற வேதாசலம், சட்டைப்பையிலிருந்த சீப்பை எடுத்து அவனிடம் நீட்டினார்.