இடப்பக்கக் கையெழுத்து

அந்தக் காலத்தில் அமெரிக்காவின் சின்னச்சின்ன ஊர் வங்கிகளும் சொந்தமாக டாலர் நோட்டு வெளியிட்டன. கேஷியரும் தலைவரும் அதில் பேனாவால் அருகருகே கையெழுத்திட்டிருப்பார்கள். அதற்காகத்தான் சத்தியசீலன் அவற்றைத் தேடித்தேடி வாங்கினார். வேலை பார்த்த வங்கியில் அவரும் உடன் வேலை செய்த தமயந்தியும் பதினோரு வருடம் டிராஃப்டுகளில் அப்படித்தான் கையெழுத்திட்டார்கள். அவள் இடப்பக்கம், இவர் வலப்பக்கம். வேறு எந்தத் தாளிலும், ஒரு கல்யாணப் பத்திரிகையில்கூட, அந்த இரண்டு பெயரும் சேர்ந்து வந்ததில்லை. டிராஃப்டுகளோ வாங்கியவர்களோடு போய்விட்டன.

இன்று நோட்டு வியாபாரி ஒன்றை நீட்டினார்.

“இதுல கேஷியர் கையெழுத்து விட்டுப்போச்சு சார். குறை நோட்டுதான், பாதி விலைக்குத் தர்றேன்.”

சத்தியசீலன் இடப்பக்கத்து வெற்றிடத்தை லென்ஸ் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

“குறையெல்லாம் இல்லைங்க,” என்றார். “அந்தம்மா இன்னும் சீட்டுக்கு வரல, அவ்வளவுதான்.”