தெர்மோகோல் பெட்டி

"எதை வேணும்னாலும் வேகவைக்கச் சொல்லுங்க சார். இதை மட்டும் என் கையால செய்யமாட்டேன்."

ஆய்வகத்தில் எல்லாருக்கும் அவள் 'புரோட்டீன் அக்கா'. அவள் இப்படி அடம்பிடித்துத் தலைவர் பார்த்ததே இல்லை. அவர் இந்தப் பதவிக்கு வந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. இதுவரை அக்கா வாயிலிருந்து 'சரி சார்' தவிர வேறு வார்த்தை வந்ததில்லை.

ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. அங்கே கிடைத்திருப்பது ஒரே ஒரு சின்ன ஃப்ரீசர். வேண்டாத கிருமிகளை எல்லாம் இன்றைக்குள் ஆட்டோகிளேவ் என்கிற நீராவி அண்டாவில் வேகவைத்துக் கொன்று, குப்பையில் போட்டாக வேண்டும்.

அக்கா கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த தெர்மோகோல் பெட்டியில், ஐஸுக்கு நடுவே, விரல் நீளக் குப்பிகளில் பாக்டீரியா உறைந்து கிடந்தது. மனித இதயத் தசையின் ஒரு மரபணுவை அதற்குள் செருகி வைத்திருந்தார்கள். தீனி போட்டு, குடுவையில் ஊற்றி, ஷேக்கரில் ஆட்டிவிட்டால் போதும். சமர்த்தாக இதயத் தசைப் புரதத்தைச் செய்து தள்ளும். இதய மருந்து ஆராய்கிறவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் அக்காவிடம்தான் கையேந்தினார்கள்.

அது அந்தக் காலம். இப்போது அதே புரதத்தை, இதைவிடச் சுத்தமாக, கம்பெனிக்காரன் கூரியரில் அனுப்புகிறான். மரபணு வேண்டுமென்றாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். தலைவர் இதையெல்லாம் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"செஞ்சுக்கலாம் சார். ஆனா அது அவரோடதா இருக்காதே."

"யாரோடது?"

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்தாள். பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அப்போதெல்லாம் இந்த ஷேக்கர் அடிக்கடி படுத்துக்கொள்ளுமாம். ரிப்பேர் செய்ய ஒரு மெக்கானிக் வருவான். லிஃப்ட் கிடையாது. நாலு மாடி ஏறி வந்து வாசற்படியிலேயே உட்கார்ந்துவிடுவான். உதடெல்லாம் நீலம் பாரித்திருக்கும். பாவமே என்று அக்கா தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் முடுக்கிவிட்டுப் போன திருகு மறுவாரமே கழன்றுவிடும். இவனுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்று அக்கா திட்டாத நாள் இல்லை. வேண்டுமென்றேதான் பாதி முடுக்கிவிட்டுப் போகிறான் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்ததாம். அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் இருபது வயசு குறைந்துவிட்டது.

"என்னைப் பார்க்க அந்த நோஞ்சான் நெஞ்சை வச்சுக்கிட்டு நாலு மாடி ஏறியிருக்காரு சார். கடைசியில ஆஸ்பத்திரியில அந்த இதயத்தை எடுத்தப்போ, ஆராய்ச்சிக்குன்னு ஒரு துண்டு இங்கதான் வந்தது. நான்தான் அதுலேர்ந்து மரபணுவைப் பிரிச்சேன். எனக்காகத் துடிச்ச இதயம் சார் இது. அப்புறம் அவரு..."

"போதும்க்கா. சொல்ல வேணாம்."

தலைவர், புது ஃப்ரீசருக்கென்று ஒதுக்கியிருந்த தன்னுடைய டப்பா ஒன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு அந்த இடத்தில் இதை வைக்கச் சொன்னார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் தலைவர் மனசு ஆறவில்லை. அக்காவின் கணவரை நினைத்துக்கொண்டார். சாயங்காலமானால் மனைவியைக் கூட்டிப்போக வந்துவிடும் தங்கமான மனுஷன். ஆள் கிண்ணென்று இருப்பார். கனமான பெட்டி எதுவானாலும் தூக்க ஒரு கை கொடுப்பார். அப்பேர்ப்பட்டவருக்கு, பெண்டாட்டி தன் பழைய காதலனின் இதயத்தை ஃப்ரீசரில் வைத்துக் காப்பாற்றுவது தெரியுமா? பாவம், தெரிந்தால் தாங்குவாரா?

நினைத்து முடிக்கவில்லை, மாடிப்படியில் தடதடவென்று காலடிச் சத்தம். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறி, மூச்சுக்கூட வாங்காமல் அவரே வந்து நின்றார்.

தலைவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையில் அகப்பட்ட வெள்ளைக் கோட்டை எடுத்துப் பெட்டியின்மேல் போட்டு மூடினார். இன்றைக்கு ஏக வெயில் என்று சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினார். அக்கா அவரை விசித்திரமாகப் பார்த்தாள்.

வந்தவர் போகிறபோக்கில் ஷேக்கரைத் தடவி, அதன் திருகை விரலால் நெருடிப் பார்த்தார். பிறகு கோட்டை விலக்கிப் பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"இதைத் தூக்கிப் போட்டுடாதீங்க சார். இவளைப் பார்த்து முதல்ல படபடத்தது இதுதான். இப்ப எனக்குள்ள இருக்கிறது யாரோ ஒரு புண்ணியவான் கொடுத்துட்டுப் போனது, எங்க கல்யாணத்துக்கு அப்புறம் வந்து சேர்ந்தது."