நாலாவது ஊர்

பிளாரன்ஸிலிருந்து கிளம்பி, நடுவில் வண்டி மாறி, கடலோர ஊர்களுக்குப் போகும் ரயிலின் கடைசிப் பெட்டியில் திருமலையும் அவர் மனைவி அரசியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சுரங்கம் முடிந்து கண்ணில் கடல் படுவதற்குள் அடுத்த சுரங்கம் வந்துவிடும். அரசி ஊர்களை எண்ணிக்கொண்டே வந்தாள். நாலாவது ஊரின் படம் பதினெட்டு வருஷமாக அவள் பீரோக் கதவில் ஒட்டியிருக்கிறது. அங்கே இறங்கத்தான் இந்தப் பயணமே.

ரயில் இருட்டுக்குள் நின்றது. அரசி எழுந்தாள்.

"என்னங்க, ஊரு வந்துட்டு."

"சுரங்கத்துக்குள்ள எந்த மடையன் ஸ்டேஷன் கட்டுவான்? சிக்னல்ல நிக்கான். உக்காரு."

"முன்னால ஆளுக எறங்குத சத்தம் கேக்கே..."

"முப்பது வருஷம் ரயில்வேல இருந்தது நீயா, நானா?"

அவள் உட்கார்ந்தாள். ரயில் நகர்ந்தது. இருட்டு முடிந்த இடத்தில் நடைமேடையும், இறங்கிய கூட்டமும், மேலே மஞ்சளும் சிவப்புமாக அந்த வீடுகளும் வந்து போயின. படத்தில் இல்லாத துணிகள் கொடியில் ஆடின. நடைமேடை சின்னது, வால் பெட்டிகள் சுரங்கத்துக்குள்தான் நிற்கும் என்று திருமலைக்கு அப்போதுதான் புரிந்தது.

அடுத்த ஊரில் ரயில் நின்றதும் அவர் பதறி எழுந்து கதவைத் திறந்தார்.

"வா அரசி, எதிர் வண்டியப் புடிச்சா பத்து நிமிஷத்துல போயிரலாம்."

"வேண்டாங்க. அதான் பாத்துட்டேனே."

"கோவமா?"

"சேச்சே, இதுல என்ன கோவம்?"

அவள் குரலில் உண்மையிலேயே கோபம் இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு. கதவு மூடப்போவதாக மணி அடித்தது. அவர் ஒரு காலை நடைமேடையில் வைத்தபடி அவளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.